அம்மாவோடு சண்டை வேண்டாம், அண்ணனை டாக்டரிடம் கூட்டிப் போங்க

தம்பி, மூன்று மாதமாக அண்ணனுக்குத் தூக்கமில்லை, யாரோ திட்டுவது காதில் கேட்கிறது என்கிறார், அம்மா ஏர்வாடி தர்காவுக்குத்தான் போகணும் என்கிறார், நீங்கள் டாக்டரிடம்தான் போகணும் என்கிறீர்கள், தினமும் சண்டை என எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சண்டையை நிறுத்துங்கள். எங்கள் சித்தப்பா விஷயத்தில் நாங்களும் இப்படித்தான் மல்லுக்கு நின்றோம், எட்டு மாதம் வீணாகப் போனதுதான் மிச்சம்.

அம்மா நேர்ந்துகொள்ளட்டும், நீங்களும் கூடப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் அண்ணனை எங்கேயும் விட்டுவிட்டு வர மட்டும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்திருக்கிறது, இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அப்புறம், மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. "தூக்கத்துக்கு மருந்து வாங்கப் போகிறோம்" என்றே அண்ணனைக் கூப்பிடுங்கள், அது பொய்யில்லை. குரல் கேட்பது அடங்கச் சில வாரம் ஆகும், கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குரல் "செத்துப் போ" என்று சொல்வதாக அவர் சொன்னால், நடுராத்திரி என்றாலும் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். என்ன செய்வது என்று கேட்க 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.