நர்ஸம்மா பதில்கள்: ஏழு அங்குலப் பள்ளம்

பிரசவ வார்டில் 29 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். காரைக்குடியில் காய் வாங்கப் போனாலும் யாராவது கையைப் பிடித்து நிறுத்திப் பிள்ளைக்கு என்னவோ என்று கேட்பார்கள். இப்போது தபாலிலும் கேட்கிறீர்கள். இந்த மாதக் கடிதங்களில் மூன்று, தொட்டிலைப் பற்றியே வந்திருக்கின்றன. வேறு கேள்வி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாதம். பேறுகாலத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். சிசேரியனாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை, கட்டிலோடு ஒட்டி வைக்கிற ‘பெட்சைடு கிரிப்’ வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். அதை எவ்வளவு உயர்த்தினாலும் அதன் விளிம்பு 24 அங்குலத்துக்கு மேல் வராதாம். எங்கள் வீட்டுக் கட்டில் என் மாமியார் காலத்துப் பர்மா தேக்கு. மெத்தையோடு அளந்தால் 31 அங்குலம். தொட்டில் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தலாமா? ஓரத்தில் இடைவெளி இருந்தால் தலையணை வைத்து அடைக்கலாமா? பிள்ளைக்கென்று இலவம்பஞ்சில் குட்டி மெத்தை ஒன்றும் தைத்து வைத்திருக்கிறேன்.
வாசகி, தேவகோட்டை

ஆச்சி, இஞ்ச் டேப் எடுத்து அளந்து எழுதினீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. தொட்டில் வாங்குகிறவர்கள் விலை பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், சக்கரம் சத்தமில்லாமல் உருளுகிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். வீட்டில் கிடக்கிற கட்டிலை மட்டும் அளக்க மாட்டார்கள். ஒட்டி வைக்கிற தொட்டிலுக்கு அந்தக் கட்டில்தான் பாதி.

உங்கள் கணக்குப்படி ஏழு அங்குலப் பள்ளம். மகள் தூக்கத்தில் புரண்டால் போர்வையோ, தலையணையோ, அவள் கையோ நேரே பிள்ளை மேல் போய் விழும். இந்த மாதிரித் தொட்டிலில் தாய்ப் பக்கத்துச் சுவரை இறக்கிய பிறகும் கீழே குட்டையாக ஒரு தடுப்பு நிற்க வேண்டும். பெரியவர் மெத்தை அந்தத் தடுப்பின் விளிம்பைத் தாண்டி மேலே வரக்கூடாது.

கட்டை வைத்து உயர்த்துவது வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வழுவழு என்றிருக்கும் ஆத்தங்குடித் தரை உங்கள் வீட்டில். அதன் மேல் ஒரு கட்டை, அந்தக் கட்டை மேல் ஒரு கால் என்றால், ராத்திரி யாராவது இடித்துக்கொண்டாலே போதும்.

தலையணை வைத்து அடைக்கலாமா என்று கேட்டீர்களே, அங்கே நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன். என் மகள் வயிற்றுப் பேரன் பிறந்தபோது இப்படித்தான் ஒரு ஒட்டுத் தொட்டில் வந்தது. உயரம் சரியாகப் பொருந்திவிட்டது. ஆனால் எங்கள் கட்டிலின் சட்டம் மெத்தையைவிட மூன்று விரல் அகலம். தொட்டிலைச் சட்டத்தோடு ஒட்டி வைத்தாலும் இரண்டு மெத்தைக்கும் நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். துண்டை இறுக்கிச் சுருட்டித் திணித்தேன், அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. அப்போது தொட்டிலின் பக்கம் முழுவதும் கீழே இறங்கியிருந்தது, தடுப்பு எதுவும் இல்லை. இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு மகள் அசந்து தூங்கிவிட்டாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தவள் சும்மா எட்டிப் பார்த்தேன். துண்டு அமுங்கி அடியில் போயிருந்தது. பேரனின் ஒரு கன்னம் அந்த வாய்க்காலுக்குள். மூக்கு நுனி துண்டைத் தொட இன்னும் ஒரு நூல்தான் பாக்கி. தூக்கினேன், சிணுங்கினான், ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நர்ஸம்மா விடிகிறவரை அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே அடைப்பு வேலை எதுவும் கூடாது. இடைவெளியே இருக்கக்கூடாது. அமெரிக்காவில் இந்தத் தொட்டிலுக்கென்று போட்டிருக்கும் விதி, அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதே என்கிறது. தொட்டிலோடு வரும் வாரை மெத்தைக்கு அடியில் கொடுத்து, கட்டிலின் எதிர்ப்பக்கச் சட்டத்தில் இழுத்து மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு உங்கள் பலம் கொண்ட மட்டும் தொட்டிலை வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். தினமும் படுக்கப் போகுமுன் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும், வார் தளரும். சக்கரம் இருந்தால் பூட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியானால் மாப்பிள்ளை ஆசையாக வாங்குவதை என்ன செய்வது? வாங்கட்டும். கட்டிலை மாற்றுங்கள். வயிற்றில் தையலோடு 31 அங்குல உயரத்தில் ஏறி இறங்குவது உங்கள் மகளுக்கு என்ன பாடு என்று யோசித்தீர்களா? சாதாரணக் கட்டில் ஒன்று, மெத்தையோடு 20 அங்குலம் வருகிற மாதிரி, நடு முற்றத்து வளவை ஒட்டின அறையில் போட்டுவிடுங்கள். அவளுக்கும் சௌகரியம், தொட்டிலும் ஒட்டும். மாமியார் கட்டில் ஓரமாக இருக்கட்டும். தயவுசெய்து அதன் காலை மட்டும் அறுத்துவிடாதீர்கள், பாவம்.

கட்டில் கிடைக்கும் வரை நாலு பக்கச் சுவரையும் ஏற்றிவிட்டு, தனித் தொட்டிலாக மகளுக்குக் கை எட்டும் தூரத்தில் வைக்கலாம். பிள்ளை தாய் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனக்கென்று தனிப் படுக்கையில் தூங்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் வரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022ல் சொன்னதும் இதுதான்.

இலவம்பஞ்சு மெத்தையை உங்கள் முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தைத்த கைக்கு வருத்தமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை குப்புறக் கவிழ்ந்தால் மூக்கைப் பொதிந்துகொள்வது அந்த மெத்தென்ற பஞ்சுதான். தொட்டிலோடு வருகிற மெத்தை பலகை மாதிரி இருக்கும், ‘இதிலா பிள்ளையைப் போடுவது’ என்று மனம் அடித்துக்கொள்ளும். அதுதான் சரியான மெத்தை. உள்ளங்கையை அழுத்தி எடுங்கள். கைத்தடம் விழாமல் உடனே எழும்பினால் நல்லது. அதன் மேல் இறுக்கமாக ஒரு விரிப்பு, அவ்வளவுதான். தலையணை, சுற்றுத் தலையணை, பொம்மை, கம்பளி எதுவும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குத் தூங்குகிற பிள்ளைக்குக் குல்லாவும் வேண்டாம். நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

அப்புறம், மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகலானாலும் சரி, ராத்திரியானாலும் சரி. ‘பால் கக்கினால் புரையேறாதா?’ என்று வார்டில் தினம் ஒரு பாட்டி என்னோடு சண்டைக்கு வருவார். மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். 1992ல் அதே அகாடமி பிள்ளையைக் குப்புறப் போடாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தது. பத்து வருடத்துக்குள் அங்கே காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே போகிற பிள்ளைகளின் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டிலிருந்து நாலாம் மாதம் வரைதான் அந்த ஆபத்து அதிகம்.

இன்னொன்று. முகப்பில் ஈஸி சேர் இருக்குமே. ஐயா பேரனை நெஞ்சில் போட்டுக்கொண்டு சாய்வார், பார்க்க அழகாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் குறட்டை. ஈஸி சேரும் சோபாவும் பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து தூங்க மிக மோசமான இடம். பக்குவமாகப் பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட்டுவிடுங்கள்.

பிள்ளை கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்தால், அது அநேகமாக ஐந்தாறு மாதம், ஒட்டுத் தொட்டிலின் காலம் முடிந்தது. அதில் ஒட்டியிருக்கும் எடை வரம்பு அதற்கு முன்பே வந்தாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் புகுந்த வீட்டில் நாலு தலைமுறைத் தொட்டில் இருக்கிறது. தேக்கில் கிளி செதுக்கி, சிவப்பும் பச்சையும் வர்ணம் பூசி, பித்தளைச் சங்கிலியில் தொங்குவது. என் கணவரும் அதில்தான் வளர்ந்தாராம். அப்பத்தா, ‘இதை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் தொட்டிலா?’ என்கிறார். கம்பிகளுக்கு நடுவில் என் நாலு விரல் தாராளமாகப் போகிறது. என்ன சொல்லிச் சமாளிப்பது?
வாசகி, காரைக்குடி

தங்கச்சி, அப்பத்தாவை எதிர்த்துப் பேசாதே. தொட்டில் போடுகிற அன்று அந்தத் தொட்டிலைப் பூச்சரம் கட்டி ஜோடித்து, பிள்ளையைப் போட்டு, எல்லோரும் தாலாட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை முழித்திருக்கட்டும், ஒருவர் கை தொட்டில் மேல் இருக்கட்டும். தூங்குவதற்கு அது வேண்டாம்.

அந்த நாலு விரல்தான் காரணம். தொட்டில் கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு மேல் இருந்தால் காலும் இடுப்பும் நழுவி வெளியே வந்துவிடும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கிளி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதில் சட்டைக் கழுத்து மாட்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், பிள்ளை பல் முளைக்கிற நேரத்தில் விளிம்பைத்தான் கடிக்கும். வர்ணத்தைச் சுரண்டிப் புதுசாக அடிக்கிறேன் என்று உன் வீட்டுக்காரர் கிளம்பினால் தடுத்துவிடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த ஈயம் தூசியாகி வீடெல்லாம் பறக்கும்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இந்த மாதிரித் தொட்டில்கள் விற்பனைக்கு வரும். வாங்குகிறவர்கள் அதில் செடி வைக்கிறார்கள். சரிதான், செடிக்குத் தலை மாட்டாது.

சேலைத் தூளி பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் அப்பத்தா அடுத்து அதைத்தான் எடுப்பார். பழைய கண்டாங்கி கெட்டி, கிழியாது, அது நிஜம். நாமும் அதில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். ஆனால் துணி வளைந்து முதுகு கூனி, பச்சைப் பிள்ளையின் தாடை நெஞ்சில் போய் முட்டும். அந்தக் கழுத்துக்கு அதை நிமிர்த்தத் தெரியாது, மூச்சு அடைபடும். அழுகையை அமர்த்தக் கொஞ்சம் ஆட்டு, பக்கத்திலேயே இரு, கண் சொக்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடு. கழுத்தில் கறுப்புக் கயிறோ சங்கிலியோ இருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் போடு. அரைஞாண் இருக்கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு தொட்டில் பார்த்து வைத்திருக்கிறேன். பால் கக்காமல் இருக்கத் தலைப்பக்கம் சாய்வாக உயரும், தானாக ஆடும், சுற்றிலும் மெத்தைத் தடுப்பு, கொசுவலை எல்லாம் இருக்கிறது. மாமியார் மண்டை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை தைத்துவிட்டார். வாங்கலாமா?
வாசகர், பள்ளத்தூர்

தம்பி, அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது கொசுவலை மட்டும்தான். அதுவும் விறைப்பாக நிற்க வேண்டும், தொங்கிப் பிள்ளை முகத்தில் படக்கூடாது. மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்துவதைவிட வலை எவ்வளவோ மேல்.

சாய்வுத் தொட்டில் வேண்டாம். சாய்த்துப் படுக்க வைத்தால் தலை முன்னால் தொங்கி, தூளியில் நடக்கிறதே நடக்கும். 2019ல் அமெரிக்காவில் ஒரே மாதிரிச் சாய்வுத் தொட்டிலில் பிள்ளைகள் இறந்து, விற்ற சுமார் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். 2022ல் பத்து டிகிரிக்கு மேல் சாயும் தூக்கத் தொட்டில்களுக்கும், நீங்கள் சொல்லும் மெத்தைத் தடுப்புக்கும் சட்டம் போட்டே தடை விதித்துவிட்டார்கள். தடுப்பு வேண்டுமென்றால் தொட்டிலின் பக்கமே காற்றுப் போகும் வலைத் துணியாக இருக்கிற மாதிரி பாருங்கள். பால் கக்குவதற்குத் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்திருந்துவிட்டுச் சமமாகப் படுக்க வையுங்கள். தானாக ஆடுவதற்கு ஏன் தனியாகக் காசு? ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து ஆட்ட அப்பா நீங்கள் இருக்கிறீர்கள்.

தொட்டில் வந்ததும் திருகாணி ஒவ்வொன்றையும் நீங்களே முடுக்குங்கள், ஒன்று மிஞ்சினாலும் விடாமல் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஜன்னல் திரைக் கயிறு, டேபிள் ஃபேன் ஒயர் இவை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மண்டை உருண்டையாக வரக் கடுகு தேவையில்லை. மல்லாந்தே படுப்பதால் பின்மண்டை கொஞ்சம் தட்டையாவது உண்டு. முழித்திருக்கும்போது தரையில் பாய் விரித்துக் குப்புறப் போட்டு, நீங்களும் எதிரே குப்புறப் படுத்துப் பேசுங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. முதல் நாள் முகம் சிவந்து அழும். பத்தாம் நாள் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும். தொட்டிலில் ஒரு நாள் கிழக்கே தலை, மறுநாள் கிழக்கே கால் என்று மாற்றிப் படுக்க வைத்தால், சத்தம் வருகிற பக்கம் திரும்பித் திரும்பி மண்டை தானே சரியாகும். வடக்கே மட்டும் தலை வைக்காதீர்கள், இல்லையென்றால் மாமியார் எனக்குக் கடிதம் எழுதுவார். கடுகைத் தாளிக்க எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.