கிளட்ச் ஒட்டிய மாஸி 1035 டிராக்டர்: உடனே பிரிக்க வேண்டாம்

கிளட்சை எடுக்க வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்கும் முன் பொறுங்கள். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற டிராக்டர், கிளட்சை முழுக்க மிதித்தாலும் கியர் விழாமல் கரகரக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் கிளட்ச் பிளேட் துருவேறி, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும்.

முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். சுமார் 20, 30 மில்லிமீட்டர் லேசாக இறங்கி, அப்புறம்தான் இறுக வேண்டும். அதைவிடத் தொளதொளவென்று இருந்தால் கோளாறு பெடலைக் கிளட்சோடு இணைக்கும் லிங்கேஜில். அதிலுள்ள ராடைச் சரிசெய்தாலே போதும்.

பெடல் சரி என்றால், எஞ்சினை நியூட்ரலில் அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி அணையுங்கள். பெடலை அமுக்கி மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து ஓரிரு நாள் விடுங்கள். பல வண்டிகள் இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

வராவிட்டால் காலி வயலுக்குத் தள்ளிச் செல்லுங்கள். இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்து, லோ கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே பாயும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது, அணைக்கும் குமிழ் கைக்கெட்ட இருக்கட்டும். ஓடும்போது ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கி, பிரேக்கை வெட்டி வெட்டி மிதியுங்கள். விடுபடும்போது 'டப்' என்று கேட்கும். எஞ்சின் ஓடும், வண்டி நின்றுவிடும்.

கிளட்ச் கூட்டிலுள்ள ஓட்டை வழியாக எண்ணெய் மட்டும் அடிக்காதீர்கள், பிளேட்டுக்குப் பிடிப்புத் தரும் லைனிங் வழுக்கிப் பாழாகும். பிளேட் விட்ட பிறகும் அதிர்ந்தாலோ வழுக்கினாலோ லைனிங் பிய்ந்திருக்கும். அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.