செஃபலூவுக்கு ஒரு பகல் போதுமா?

"செப்டம்பரில் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறோம். தலைநகர் பலெர்மோவிலிருந்து காலையில் கடலோர ஊரான செஃபலூ போய் மாலையில் திரும்பிவிடலாமா? கூட வரும் அம்மா சுத்த சைவம், மூட்டுவலி வேறு" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒரு ராத்திரி தங்குங்கள். ரயிலில் ஒரு மணி நேரம்தான், கார் வேண்டவே வேண்டாம், ஆனால் பகலுக்கு மட்டும் வருகிறவர்கள் உச்சிவெயிலில் மணலில் வாடிவிட்டு, வெயில் தாழ்ந்து ஊர் அழகாகிற நேரத்தில் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள்.

கடற்கரை பழைய ஊரை ஒட்டியே இருக்கிறது, நல்ல மணல், கரையோரம் ஆழம் குறைவு என்பதால் அம்மாவும் தைரியமாகக் கால் நனைக்கலாம். 'லிடோ' என்று போட்டிருந்தால் குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் காசு. இலவசப் பகுதியும் உண்டு. செப்டம்பரிலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆகஸ்ட் நெரிசல் இருக்காது.

ஊருக்குப் பின்னால் நிற்கும் லா ரொக்கா பாறை சுமார் 270 மீட்டர் உயரம். மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு அந்த ஏற்றம் வேண்டாம்.

அவரைப் பேராலயத்துக்குக் கூட்டிப் போங்கள் (தோள் மூடிய உடை அவசியம்). 1131இல் நார்மன் (வட பிரான்ஸிலிருந்து வந்த வம்சம்) அரசர் இரண்டாம் ரோஜர் தொடங்கியது. அரபியர் ஆண்ட தீவை நார்மன்கள் பிடித்தார்கள், பிடித்தவர்களோ சுவரை அலங்கரிக்க பைசாந்திய (கிரேக்க மொழி பேசிய கிழக்கு ரோமப் பேரரசு) கலைஞர்களை வைத்துக்கொண்டார்கள்! 1148ஆம் ஆண்டுத் தங்க மொசைக்கில் கிறிஸ்து விரித்துப் பிடித்திருக்கும் புத்தகத்தைப் பாருங்கள், ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன். பேராலயம் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்துத் தெருவில் படியிறங்கினால் பழைய துணி துவைக்கும் துறை. சிங்க முகங்களின் வாயிலிருந்து கல்தொட்டிகளில் தண்ணீர் கொட்டுகிறது.

சரி, சாப்பாடு. பனெல்லே கேளுங்கள்: கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரிப்பது, நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கத்தரிக்காய், தக்காளி, உப்பு ரிக்கோட்டா என்ற பாலாடைக்கட்டி போட்ட பாஸ்தா அல்லா நோர்மாவும் வயிறு நிறைக்கும். அரன்சீனா என்ற சோற்று உருண்டையில்தான் கவனம் வேண்டும், 'வெண்ணெய்' வகை என்பார்கள், உள்ளே பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். வெறுமனே "கறி இல்லாமல்" என்று சொன்னால் மீன் வந்துவிடும். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்று இரண்டையும் சொல்லுங்கள், நெத்திலிக்கு "சென்ஸா அச்சூகே" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பல உணவகங்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் மூடிவிட்டு ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும், அதுவரை அம்மாவுக்குப் பசி தாங்க பாதாம் கிரானித்தா என்ற பனிக்கூழ் வாங்கிக் கொடுங்கள் (கூட வரும் பிரியோஷ் ரொட்டியில் முட்டை இருக்கும், அம்மாவுக்கு ஆகுமா என்று பாருங்கள்).