மணலும் வாக்கிங் போகுது

சார், வணக்கம். கடலூர்ல இருந்து வேலைக்காக புதுச்சேரி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, முத்தியால்பேட்டைல இருக்கேன். சுகர்னு டாக்டர் சொன்னதுல இருந்து தினமும் காலைல பீச் ரோட்ல நடக்கிறேன். ஊர்ல கெடிலம் கரையோரமா தேவனாம்பட்டினம் போவேன், ஆறு, படகு, மீன் கூடைன்னு ஏதாச்சும் மாறிகிட்டே வரும். இங்க ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் பில்டிங், நேர்கோடு. செம போர். நீங்க சின்ன வயசுல இருந்து இதே ரோட்ல நடக்கிறதா எழுதியிருந்தீங்க. எப்படி சார் முடியுது?

அன்புள்ள தம்பி,

எனக்கும் போரடிச்சிருக்கு, அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல. மே மாசத்துல ஏழு மணிக்கு மேல அங்க நடக்கிறவங்க யாருக்கும் காட்சி கீட்சி ஒண்ணும் தெரியாது, வேர்வைதான் தெரியும்.

ஆனா கல்லுன்னு சொன்னீங்கல்ல, அத பத்தி பேசணும். நான் பையனா இருந்தப்ப காந்தி சிலைக்கு எதுத்தாப்ல மணல், எறங்கி ஓடிப்பிடிச்சு ஆடியிருக்கோம். அந்த மணல் எங்க போச்சுன்னா, நடந்து போச்சு. நிஜமாத்தான் சொல்றேன். நம்ம கரையில மார்ச் வாக்குல தெக்கத்தி காத்து புடிச்சா அலை சாய்வா வந்து அடிக்கும், மணல் கொஞ்சம் கொஞ்சமா வடக்கால நகரும், கிட்டத்தட்ட அக்டோபர் வரைக்கும் அதே வேலை, அப்புறம் ஐப்பசி மழையோட அலை திரும்பும், மணலும் தெக்கால திரும்பும். போறது எட்டு மாசம், வர்றது நாலு மாசம். அதனால வருஷ கணக்கு பாத்தா வடக்கால போனதுதான் எப்பவும் ஜாஸ்தி. நீங்க டூப்ளெக்ஸ் சிலைகிட்ட இருந்து போய்ட்டு திரும்பி வர்ற மாதிரிதான், என்ன, அது முழுசா திரும்பி வராது.

1989ல அரியாங்குப்பம் ஆத்து வாய்ல துறைமுகத்துக்காக கடலுக்குள்ள ரெண்டு கல்லு கை நீட்டினாங்க. தெக்க இருந்து வந்த மணல் அங்கயே நின்னுடுச்சு, வீராம்பட்டினம் பக்கம் கரை கூடிச்சு, டவுன்ல இருந்த மணல் வழக்கம்போல வடக்கால கிளம்பி போச்சு, அதுக்கு பதிலா வர வேண்டியது வரல. கடல் ரோட்டு ஓரத்துக்கே வந்துச்சு, கல்லு கொட்டினாங்க. கல்லு கொட்டின எடம் தப்பிச்சுது, அரிப்பு அப்படியே வடக்கால நகர்ந்துச்சு, உங்க வீட்டுக்கு பக்கத்து சோலை நகர், அதையும் தாண்டி பொம்மையார்பாளையம்னு. மீனவங்க வீடு போச்சு, நமக்கு என்னமோ உக்காந்து சுண்டல் திங்க கல்லு கெடச்சுது.

2018 வாக்குல தலைமைச் செயலகத்துக்கு எதுத்தாப்ல தண்ணிக்குள்ள ஸ்டீல்ல ஒரு செயற்கை திட்டு எறக்கினாங்க, அலையோட வேகத்த அது கொஞ்சம் உடைக்குது, மணல் தங்குது. அந்த மணல்ல முதல் தடவை கால் வெச்ச அன்னைக்கு நான் வாக்கிங்கே போகல, உக்காந்துட்டேன்.

காந்தி சிலை பக்கம் கடலுக்குள்ள இரும்பு தூண் நிக்குதே, கவனிச்சிருக்கீங்களா? அது 1866ல பிரெஞ்சுக்காரங்க கப்பல் சரக்கு ஏத்தி எறக்க கடலுக்குள்ள நீட்டிக் கட்டின பாலம், 1952 புயல்ல போயிடுச்சு. அதுக்கு அப்புறம் தெக்க கட்டின பாலமும் 2022 மார்ச்ல சரிஞ்சுது. ரெண்டையும் அடையாளமா வெச்சுகிட்டுதான் நான் இப்ப கரை எவ்ளோ ஏறியிருக்கு, எறங்கியிருக்குன்னு பாக்குறேன். வீட்ல இத பைத்தியம்ங்கிறாங்க.

நீங்க ஆடியில ஒரு தடவை, தையில ஒரு தடவை அதே கல்லு மேல நின்னு பாருங்க, தண்ணி எங்க இருக்குன்னு. சாயங்காலமா போனா வண்டி விட மாட்டாங்க, நிம்மதியா நிக்கலாம்.

அடுத்த தடவை கடலூர் போனா தாழங்குடா பக்கம் ஒரு நடை போய்ட்டு வாங்க. பெண்ணையாத்து வாய் இப்ப மணல் மூடி கெடக்கா, தொறந்திருக்கான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க. மாத்திரைய விட்டுடாதீங்க.