கேள்வி பதில்: பெப்டைடு கூட்டத்துல தேவையானத மட்டும் எப்படி பிடிக்கிறது?

கேள்வி: எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல (மூலக்கூறோட எடைய அளக்கற மெஷின்) போடுறதுக்கு முன்னாடி ஐகேட் (ICAT)னு ஒரு டேக் மாட்டி சில பெப்டைடுகள, அதாவது புரோட்டீன் துண்டுகள மட்டும் பிரிச்சு எடுப்பாங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்க. மீதிய தூக்கிப் போட்டா தகவல் போயிடாதா?

பதில்: போகும்தான். ஆனா ஒரு செல்லோட மொத்த புரோட்டீனையும் டிரிப்சின்ங்கற என்சைம் வச்சு வெட்டினா வர்ற பெப்டைடு கூட்டத்த மெஷினால முழுசா பாக்க முடியாது, அதிகமா இருக்கறதயே திரும்பத் திரும்ப பாத்துட்டு கம்மியா இருக்கறத விட்டுடும். ஒரு புரோட்டீன் யாருன்னு தெரிய ஒண்ணு ரெண்டு நல்ல துண்டு கிடைச்சாலே போதும்.

அதனாலதான் 1999ல சியாட்டில்ல ஸ்டீவன் கிகி, ரூடி ஏபர்சோல்ட் டீம் சிஸ்டீன பிடிச்சாங்க, அது அரிதா வர்ற அமினோ அமிலம். டேக்கோட ஒரு முனை சிஸ்டீன்ல இருக்கற சல்ஃபரோட ஒட்டிக்கும், மறுமுனையில பயோட்டின்னு ஒரு சின்ன மூலக்கூறு, நடுவுல இருக்கற லிங்க்கர்ல ஒப்பிடப் போற ரெண்டு சாம்பிள்ல ஒண்ணுக்கு 8 சாதா ஹைட்ரஜன், இன்னொண்ணுக்கு அதே இடத்துல 8 டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்). டேக் போட்ட உடனே ரெண்டு சாம்பிளையும் கலந்துடுவாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா அதுக்கப்புறம் எந்த ஸ்டெப்ல எவ்வளவு வீணானாலும் ரெண்டுக்கும் சமமாத்தான் வீணாகும், விகிதம் மாறாது. அப்புறம் டிரிப்சின், அப்புறம் பயோட்டின இறுக்கிப் பிடிக்கிற அவிடின்ங்கற புரோட்டீன் நிரப்பின குழாய் (column), பயோட்டின் உள்ளது மட்டும் அதுல மாட்டும். கடைசியா மெஷின்ல ஒரு சிஸ்டீனுக்கு 8 டால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு) தள்ளி ஜோடி ஜோடியா பீக் வரும். ஈஸ்ட்ட எத்தனால்லயும் கேலக்டோஸ்லயும் வளத்து இப்படித்தான் ஒப்பிட்டுப் பாத்தாங்க.

லேப்ல செய்யப் போறீங்கன்னா ஒண்ணு கவனிங்க, ஒட்டாம மிஞ்சின டேக்லயும் பயோட்டின் இருக்கு, அத அப்படியே விட்டா அவிடின்ல இடத்தையெல்லாம் அதுவே பிடிச்சுக்கும், அதான் முன்னாடியே கேட்டயான் எக்ஸ்சேஞ்ச்ல (மின்னூட்டத்த வச்சு பிரிக்கிற முறை) கழுவி எடுத்துடுறாங்க. இன்னொரு தொல்லை, டியூட்டீரியம் போட்ட பெப்டைடு, மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி பெப்டைடுகள பிரிக்கிற குழாய்ல இருந்து கொஞ்சம் முந்தி வெளிய வந்துடும், ஜோடி சரியா சேராது. பின்னாடி வந்த டேக்ல கார்பன்-13 (கனமான கார்பன்) போட்டு இத சரி பண்ணாங்க, ஆசிட்ல பயோட்டின வெட்டி விடற வசதியும் சேத்தாங்க.

நீங்க பயந்த இழப்பு எங்கன்னா, சிஸ்டீனே இல்லாத புரோட்டீன் இதுல கண்ணுக்கே தெரியாது. பாஸ்பேட் ஒட்டின இடம் சிஸ்டீன் இல்லாத துண்டுல இருந்தா அதுவும் போச்சு. கிளைக்கோபெப்டைடுதான் (சர்க்கரை ஒட்டின துண்டு) வேணும்னா சர்க்கரைய பெரயோடேட்ல ஆக்ஸிடைஸ் பண்ணி ஹைட்ரசைடு ரெசின்ல பிடிக்கிற முறை தனியா இருக்கு. உங்க புரோட்டீனுக்கு ஐகேட் ஒத்து வருமான்னு பாக்க முதல்ல யூனிபுராட்ல (ஆன்லைன் புரோட்டீன் டேட்டாபேஸ்) சீக்வென்ஸ எடுங்க, டிரிப்சின் வெட்டற இடமான லைசின், ஆர்ஜினின்ல கணக்குக்கு வெட்டிப் பாருங்க, சிஸ்டீன் இருக்கற துண்டு ரொம்ப சின்னதாவோ ரொம்ப நீளமாவோ வந்தா வேற டேக் பாக்கறதுதான் நல்லது.