எடிட்டரை மூடினால் புக்மார்க் எங்கே போகிறது?

நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரில் கண்ட்ரோல் எஃப்2 அழுத்தி வைத்த புக்மார்க் (ஒரு வரிக்குத் திரும்பி வர வைக்கும் அடையாளம்) சில நாள் இருக்கிறது, சில நாள் காணோம். ஏன்?

டேபை மூடியிருப்பீர்கள். வெளியேறும்போது எந்தெந்தக் கோப்பு திறந்திருக்கிறதோ அவற்றின் புக்மார்க்கை மட்டும்தான் அது செஷன்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் எழுதி வைக்கும். டேபை விட்டுவிட்டு எடிட்டரை மட்டும் மூடிப் பழகுங்கள். பிரிஃபரன்சஸில் பேக்கப் பகுதியில், நடப்பு செஷனை (திறந்திருக்கும் கோப்புகளின் தொகுப்பை) நினைவில் வைக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வேலைக்கு வேலை தனித்தனியாக வேண்டுமென்றால் ஃபைல் மெனுவில் சேவ் செஷன் இருக்கிறது.

டேபை மூடவில்லை. ஆனாலும் எடிட்டரை மூடிவிட்டு கிட் புல் செய்து (டீமில் மற்றவர்கள் செய்த மாற்றங்களை இறக்கி) திறந்தால், புக்மார்க் சம்பந்தமில்லாத வரியில் நிற்கிறதே?

அந்த எக்ஸ்எம்எல்லையே திறந்து பாருங்கள். 'மார்க் லைன் 119' என்பதுபோல் வரி எண் மட்டும்தான் இருக்கும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் அது திரையில் 120ஆம் வரி. அந்த வரியில் என்ன எழுதியிருந்தது என்பது அதற்குத் தெரியாது. மேலே 40 வரி புதிதாக வந்தால் உங்கள் ஃபங்ஷன் 160க்கு இறங்கிவிடும், புக்மார்க் 120லேயே நிற்கும். ஈமேக்ஸ் என்ற எடிட்டர் இதில் கெட்டிக்காரத்தனமானது. புக்மார்க்குக்கு முன்னும் பின்னும் உள்ள கொஞ்சம் எழுத்துகளையும் (வழக்கமாக 16) சேமித்துவைத்து, அதைத் தேடிப் போய் நிற்கும். அந்த எழுத்துகளையே யாராவது மாற்றிவிட்டால் அதுவும் திணறும்தான். மாதக்கணக்கில் நிற்க வேண்டிய இடத்துக்கு நான் புக்மார்க்கை நம்புவதே இல்லை. வேறெங்கும் வராத ஒரு சொல்லை கமெண்டாக எழுதிவிட்டு, தேடிப் போவேன். பார்க்க அழகில்லை, ஆனால் வரி நகர்ந்தால் கூடவே நகரும்.

விம் எடிட்டரில் வைத்த மார்க்குக்கு (அங்கே புக்மார்க்குக்கு அதுதான் பெயர்) வேறு கோப்பிலிருந்து தாவ முடியவில்லை.

சிறிய எழுத்தில் வைத்திருப்பீர்கள். அது அந்தக் கோப்புக்குள் மட்டும்தான். எம் தட்டி, பெரிய எழுத்து ஏ கொடுங்கள். எங்கிருந்தும் வரலாம். இரண்டு வகையும் விம்இன்ஃபோ கோப்பில் சேரும், ஆனால் விம் ஒழுங்காக வெளியேறினால்தான். கரண்ட் போனால் அன்றைக்கு வைத்ததெல்லாம் போச்சு. நடுநடுவே கோலன், டபிள்யூ, வி அடித்து என்டர் தட்டினால் உடனே எழுதிவிடும்.

விஎஸ் கோடு எடிட்டரில் புக்மார்க் மெனுவே இல்லையே?

ஆமாம், இல்லை. 'புக்மார்க்ஸ்' என்ற எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள். புராஜெக்டிலேயே சேமிக்கும் செட்டிங்கை இயக்கினால், விஎஸ்கோட் ஃபோல்டருக்குள் ஒரு ஜேசன் கோப்பு உருவாகும். அதை கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் புக்மார்க்கையும் சேர்த்து டீம் ரிவ்யூ செய்ய வேண்டியிருக்கும்.