ஹொமாரே சவாவின் முதுகு

அன்புள்ள ஐயா,

சில நாட்களாக என் கைப்பேசியில் ஒரு காணொளி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஜப்பான் கால்பந்து வீராங்கனை ஹொமாரே சவா கோல் கம்பத்தை நோக்கி ஓடிவந்து, காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டிவிடும் கோல். அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் உருகி உருகிப் பகிர்கிறார்கள். இது பழைய நினைவின் கிறக்கம்தானா? ஒரே ஒரு கோலுக்காக ஒருவரை இவ்வளவு காலம் கொண்டாடலாமா?

ம.

அன்புள்ள ம.,

தாராளமாகக் கொண்டாடலாம். அந்தக் காணொளி அவரைக் கொஞ்சமாகத்தான் காட்டுகிறது என்பதுதான் என் வருத்தம்.

2011 ஜூலை 17, ஃபிராங்க்ஃபர்ட், மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம். அதுவரை அமெரிக்காவை ஒருமுறைகூட வென்றிராத ஜப்பான் அன்று இரண்டு தடவை பின்தங்கி, இரண்டு தடவையும் சமன் செய்தது. இரண்டாவதுதான் நீங்கள் பார்த்த கோல். கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடத்தில், ஆயா மியாமா அடித்த கார்னரில் வந்தது. நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி வாரிக்கொண்டு போயிருந்தது. ஆட்டம் முடிந்தபோது ட்விட்டரில் நொடிக்கு 7,196 பதிவுகள். அதுவரை எதற்கும் அத்தனை பேர் ஒரே நொடியில் எழுதியதில்லை. அப்படிப் பிறந்த அன்பைக் கிறக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சவா தேசிய அணிக்கு வந்தது 1993இல், 15 வயதில். பிலிப்பைன்ஸுடனான முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல். அதன்பின் 1999, 2003, 2007 என மூன்று உலகக் கோப்பைகளில் ஜப்பான் முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. மூன்றிலும் அவர் ஆடினார். அந்த ஆட்டங்களை யாரும் பகிர்வதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கஷ்டமான நேரத்தில் என் முதுகைப் பாருங்கள் என்று அணியினரிடம் சொன்னார். ஜப்பானில் அவரைப் பற்றிப் பேசினால் இதைச் சொல்லாமல் முடிக்கமாட்டார்கள். நாம் பகிர்வது கோல் அடித்தவரின் முகத்தை. கூட ஆடியவர்களுக்குத் தெரிந்தது அந்த முதுகு. ஆறு உலகக் கோப்பைகள், 205 ஆட்டங்கள், 83 கோல்கள். இவ்வளவும் நடுக்களத்தில் ஆடிய ஒருவருடையவை.

முழு ஆட்டம் கிடைத்தால் பாருங்கள், 117ஆவது நிமிடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி நிமிடத்தில் அமெரிக்காவின் அலெக்ஸ் மோர்கன் கோலை நோக்கிப் பாய்கிறார். ஜப்பானின் அசுசா இவாஷிமிசு அவரை விழத்தட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். இவாஷிமிசு, சுனாமி தாக்கிய இவாத்தே மாகாணத்துப் பெண். மோர்கனை அவர் விட்டிருந்தால் சவாவின் கோலை இன்று யார் தேடப்போகிறார்கள்? ஆட்டம் சமனிலேயே முடிந்து, வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகளுக்குப் போனது. அதில் ஜப்பான் கோல்கீப்பர் ஆயுமி கைஹோரி இரண்டைத் தடுத்தார். வெற்றிக்கான கடைசி உதை 20 வயது சாகி குமகாயுடையது. சவா பெனால்டியே அடிக்கவில்லை.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். 2015 டிசம்பர் 27, ஜப்பானின் உள்நாட்டுப் போட்டியான பேரரசி கோப்பையின் இறுதியாட்டம், சவாவின் கடைசி ஆட்டம். ஐநாக் கோபே அணிக்காக 78ஆவது நிமிடத்தில் அவர் அடித்ததுதான் அன்றைய ஒரே கோல். அதுவும் கார்னரில் வந்ததுதான். இம்முறை தலையால் முட்டினார். வயது 37.